பூட்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

(குடும்ப விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத அன்பர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



பாதுகாப்பு என்றவுடன் நம் மனதில் என்ன வருகிறது? பூட்டு, கிரில், சிசிடிவி கேமரா, வாசலில் ஜாகா, ரோந்து வரும் போலீஸ். இவை எல்லாம் கருவிகள். கருவி வேறு, பாதுகாப்பு வேறு. நல்ல பூட்டு மாட்டிய வீட்டிலும் திருட்டுப் போகிறது. பூட்டைத் தொடாமலேயே, ஒரு தொலைபேசி அழைப்பில் முப்பது வருட உழைப்பும் போய்விடுகிறது.

ஏன் இப்படி? நாம் முதலில் பயப்படுகிறோம். பயந்த வேகத்தில் ஏதாவது ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். அதன் பிறகு சிந்திப்பதை நிறுத்தி விடுகிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி. முதலில் சிந்தனை, பிறகு கருவி. அதற்கு நான்கு கேள்விகள் போதும். எதைக் காக்கிறோம்? யாரிடமிருந்து காக்கிறோம்? அவன் எந்த வழியாக வருவான்? அவனைத் தடுக்க நாம் என்ன விலை கொடுக்கிறோம்?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்க்கத் தெரிந்த எந்தத் தாயும் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

எதைக் காக்கிறோம்?

வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். தாலிக்கொடி, நகை, மோட்டார் சைக்கிள், வங்கியில் உள்ள சம்பளம், இபிஎஃப் பணம், பிள்ளைகள், குடும்பத்தின் நல்ல பெயர். பெரும்பாலோர் இத்துடன் நிறுத்தி விடுவார்கள். பத்திரங்களை எழுத மறந்து விடுவார்கள்.

பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாள அட்டை, வீட்டு ஒப்பந்தம். ஒரு பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அடையாள அட்டையோடு, அல்லது எந்த அட்டையும் இல்லாமல், பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்தவர்களை நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். நகை போனால் மீண்டும் வாங்கலாம். பத்திரம் போனால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே நின்று விடும். ஆனால் நகை பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. பத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன.

ஒரு பொருளுக்குக் கேடு மூன்று விதமாக வரலாம். வேண்டாதவர் கைக்கு அது போய்விடலாம். அதில் உள்ளதை யாராவது மாற்றி விடலாம். நமக்குத் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காமல் போகலாம். நாம் முதல் வகையை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறோம்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததே, நினைவிருக்கிறதா? அங்கே வீடுகளைப் பாழாக்கியது திருடன் அல்ல. வெள்ளம் பீரோ வரை ஏறியது. பூட்டிய பீரோவும் தண்ணீரைத் தடுக்கவில்லை. ஆகவே பத்திரங்களுக்கு முதல் பாதுகாப்பு பூட்டு அல்ல. நீர் புகாத உறை, உயரமான இடம், நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒரு நகல் ஆகியவைதான்.

வெள்ளத்துக்கும் திருடனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளம் யோசிப்பதில்லை. பொருளை மேலே தூக்கி வைத்து விட்டால், அதை எடுக்க அது வேறு வழி தேடாது. திருடன் யோசிப்பவன். முன்கதவைப் பலப்படுத்தினால் பின்கதவைப் பார்ப்பான். அதனால் அவன் யார் என்று தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

யாரிடமிருந்து?

"கெட்டவர்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொருவனைப் பற்றியும் கேளுங்கள். அவனுக்கு என்ன வேண்டும்? அவனிடம் என்ன திறமை இருக்கிறது? எவ்வளவு நேரம் செலவழிப்பான்? பிடிபட எவ்வளவு துணிவான்?

மோட்டாரில் வந்து பையைப் பறிப்பவனுக்குச் சில விநாடிகள்தான் நேரம். சாலையோரம் தொங்கும் பைதான் அவன் குறி. பையைச் சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் மாட்டி, வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக நடந்தால் அவன் வேலை கடினமாகிறது. செலவில்லாத பாதுகாப்பு இது. அப்படியும் பறித்தால் விட்டு விடுங்கள். இழுத்துப் பிடித்துக் கீழே விழுந்து தலையில் அடிபட்டால் அது பையை விடப் பெரிய இழப்பு. எதைக் காக்கிறோம் என்ற முதல் கேள்வியை அந்த நேரத்திலும் மறக்கக் கூடாது.

ஆலோங் வேறு வகை. அவன் ஓடிப் போகிறவன் அல்ல. உங்கள் வீடு அவனுக்குத் தெரியும், வேலை இடம் தெரியும். கடனுக்கு ஈடாக ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக் கொள்வான். சம்பளம் விழும் நாளில் உங்களுக்கு முன் அவன் எடுத்து விடுவான். 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. எழுத்து ஒப்பந்தமும் கொடுத்தாக வேண்டும். கார்டைக் கேட்கிறவன், ஒப்பந்தம் கொடுக்காதவன் யார் என்பதை அப்போதே புரிந்து கொள்ளலாம்.

அடுத்தவன் மோசடிக் கும்பல்காரன். அவன் உங்கள் தாமானுக்கு வரவே மாட்டான். வேறு நாட்டில் உட்கார்ந்து கூட அழைப்பான். ஒரு நாளைக்கு நூறு பேரை அழைத்து ஒருவர் சிக்கினாலும் அவனுக்கு லாபம். உங்கள் கிரில்லும் கேமராவும் இவனை ஒன்றும் செய்யாது.

கடைசியாக, சொல்லக் கசப்பான ஒன்று: உள்ளே இருப்பவர். சாவி எங்கே என்று தெரிந்தவர். "அண்ணே, உங்க அக்கவுண்ட்டைக் கொஞ்சம் குடுங்க, ஒரு பணம் வருது, உங்களுக்கு முந்நூறு வெள்ளி தர்றேன்" என்று கேட்கும் நண்பர். இந்த இடத்தில் நம் இளைஞர்கள் நன்றாகக் கேட்க வேண்டும். மோசடிப் பணம் இப்படி இரவல் வாங்கிய கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. கும்பலின் தலைவன் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் பெயர் இருக்கும். போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்புவது இனி எளிதல்ல. முந்நூறு வெள்ளிக்கு வழக்கு, முடக்கப்பட்ட கணக்கு, வேலை இழப்பு. இந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

எந்த வழியாக வருவான்?

சங்கிலியில் எந்த வளையம் இற்றுப் போயிருக்கிறதோ அங்கேதான் அது அறும். மற்ற வளையங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. நம் வீடுகளில் இற்றுப் போன வளையம் எது? கதவு அல்ல, கைப்பேசியும் அல்ல. நம் பயம்தான்.

மக்காவ் மோசடி எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள். ஒரு பெண் குரல், தபால் பார்சலில் உங்கள் பெயரில் போதைப்பொருள் பிடிபட்டது என்கிறது. அழைப்பு "போலீஸ் அதிகாரி"க்கு மாற்றப்படுகிறது. அவர் உங்கள் அடையாள அட்டை எண்ணை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறார். பழைய வீட்டு முகவரியையும் சொல்கிறார். கைது ஆணை தயாராக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லக் கூடாதாம், கணவரிடம் கூட. விசாரணை முடியும் வரை பணத்தை ஒரு "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்ற வேண்டுமாம்.

நம்மவர் அந்த இடத்தில் ஏன் நம்பி விடுகிறார்? "என் ஐசி நம்பர் அவருக்குத் தெரிந்திருக்கிறதே!" இங்கேதான் ஒரு அடிப்படை உண்மையைப் புரிந்து கொள்ள வேண்டும். அடையாள அட்டை எண் ரகசியம் அல்ல. அதன் முதல் ஆறு எண்கள் உங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பேராக் 08, சிலாங்கூர் 10. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். உங்கள் பிறந்த நாள் விருந்துக்கு வந்தவருக்கே பாதி எண் தெரியும்.

மீதியும் எப்போதோ வெளியே போய்விட்டது. 2017-இல் இந்நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அம்பலமானது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள் தொகையை விட அதிகமான எண்கள் அவை. நீங்களோ நானோ செய்த தவறல்ல அது. ஆனால் அதன் விளைவை நாம்தான் சுமக்கிறோம். ஆகவே உங்கள் எண்ணைச் சரியாகச் சொல்கிறவர் அரசாங்க அதிகாரி என்று பொருளல்ல. அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழிப் பேராசிரியர் 1883-இல் ராணுவ ரகசிய எழுத்துகளைப் பற்றி ஒரு விதியைச் சொன்னார். எழுதும் முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்றார். நம் வீட்டுக்கும் அதுவே விதி. பெயர், ஐசி எண், முகவரி, வங்கிக் கணக்கு எண் ஆகியவை பெயர்ப்பலகை மாதிரி. பிறருக்குத் தெரியத்தான் செய்யும். பின் நம்பர், கடவுச்சொல், வங்கி அனுப்பும் டேக் எண் ஆகியவை சாவி. பெயர்ப்பலகையைக் காட்டி எவனும் கதவைத் திறக்கச் சொல்ல முடியாது. சாவியைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மலிவு விலையில் வீடு சுத்தம் செய்யும் சேவை என்று முகநூலில் விளம்பரம் வரும். பதிவு செய்ய ஒரு ஏபிகே கோப்பை இறக்கச் சொல்வார்கள். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். "சரி" என்று அழுத்தினால், பிறகு வங்கி அனுப்பும் எண்ணை உங்களுக்கு முன் அவன் படித்து விடுவான். சாவியை நாமே கையில் கொடுத்த மாதிரிதான் இதுவும்.

ஆனால் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நம் மக்கள் பல தலைமுறையாகக் கவுண்டர்களில் நின்று பழகியவர்கள். தோட்டத்தில் கிராணி, நகரத்தில் அலுவலகம். "இந்தப் பத்திரம் இல்லை, நாளைக்கு வா" என்ற அதட்டலைக் கேட்டுக் கேட்டு, அதிகாரக் குரல் மலாயில் பேசினாலே கை நடுங்கி, "யா துவான்" என்று பணிந்து விடுகிறோம். மோசடிக்காரன் இதைத்தான் பயன்படுத்துகிறான். அவன் உடைப்பது பூட்டை அல்ல, நம் தன்னம்பிக்கையை.

உங்கள் உரிமையை அறிந்து கொள்ளுங்கள். போலீஸோ, நீதிமன்றமோ, பேங்க் நெகாராவோ தொலைபேசியில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை. போனை வைப்பது குற்றமல்ல. "நான் நேரில் நிலையத்துக்கு வருகிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவும் அல்ல.

என்ன விலை கொடுக்கிறோம்?

இதுதான் நாம் கேட்கவே கேட்காத கேள்வி. இலவசமான பாதுகாப்பு எதுவும் கிடையாது. பணமாகவோ, நேரமாகவோ, வசதியாகவோ, சுதந்திரமாகவோ விலை கொடுத்தே ஆக வேண்டும்.

கிரில்லை எடுத்துக் கொள்ளுங்கள். மலிவு விலை பிளாட்டில் முன்கதவுக்குக் கிரில், எல்லா ஜன்னலுக்கும் கிரில், அதற்குப் பெரிய பூட்டு. திருடன் உள்ளே வர முடியாது, சரி. நள்ளிரவில் தீப்பிடித்தால் நீங்கள் வெளியே போக முடியுமா? புகையில் கண் தெரியாத போது சாவியை எங்கே தேடுவீர்கள்? கிரில்லுக்குள் சிக்கி உயிரிழந்த குடும்பங்கள் இந்நாட்டில் உண்டு. தீயணைப்புத் துறை இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கிரில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவி கதவருகே, வெளியிலிருந்து கை எட்டாத, ஆனால் வீட்டில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும். ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும்.

கடவுச்சொல்லை நோட்டுப் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். யாரிடமிருந்து காக்கிறீர்கள் என்று திரும்பக் கேட்கிறேன். தூரத்தில் இருக்கும் கும்பலிடமிருந்து என்றால், பீரோவில் உள்ள நோட்டை அவன் பார்க்க முடியாது. பிள்ளை பெயரும் பிறந்த ஆண்டுமாக எளிய சொல்லை வைப்பதை விட, நீண்ட சொல்லாக வைத்து எழுதி வைப்பதே மேல். வீட்டுக்குள்ளேயே சந்தேகம் என்றால் அதே நோட்டு ஆபத்து. ஒருவருக்குச் சரியான பதில் இன்னொருவருக்குத் தவறாகலாம்.

வங்கிகளையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா புதிய நடவடிக்கைகளை அறிவித்தது. புதிய கைப்பேசியில் வங்கிச் சேவையைப் பதிந்தால் உடனே பணம் அனுப்ப முடியாது, காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு கைப்பேசிக்கு மட்டுமே அனுமதி. ஆபத்து என்றால் கணக்கை நாமே உடனே முடக்கிக் கொள்ளலாம். காத்திருப்பது எரிச்சல்தான். ஆனால் அந்தத் தாமதம் திருடனையும் காக்க வைக்கிறது. இதற்கு எதிரான பக்கமும் உண்டு. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் புதிய இபிஎஃப் சந்தாவில் 10 விழுக்காடு மூன்றாவது கணக்குக்குப் போகிறது. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நெருக்கடியில் நல்ல உதவி. ஆனால் நமக்குத் திறக்க எளிதானது, நம்மை ஏமாற்றுகிறவனுக்கும் எளிதானதே. 55 வயதில் முழுப் பணமும் கைக்கு வரும் பெரியவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை உரிமை பேசும் நாம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில நேரம் பாதுகாப்பு ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு. வேலி போட்ட தாமானில் சாமான் இறக்கப் போகிறீர்கள், வீடு கழுவப் போகிறீர்கள். வாசலில் ஜாகா அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்கிறார். அந்தத் தாமான்காரர்களுக்கு நிம்மதி. உங்கள் அட்டை யார் கைக்குப் போகிறது, யார் படம் எடுக்கிறார்கள் என்று தெரியாது. அட்டையைப் பிடித்து வைக்க ஜாகாவுக்கு அதிகாரம் இல்லை என்று தேசியப் பதிவுத் துறை பலமுறை கூறியிருக்கிறது. பெயரையும் வாகன எண்ணையும் புத்தகத்தில் எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள். ஜாகாவிடம் சண்டை வேண்டாம். அவரும் நம்மைப் போல் சம்பளத்துக்கு நிற்பவர், பல இடங்களில் நம்மவரே. அவருக்கு உத்தரவு போட்டவர்களிடம் கேளுங்கள். யாருக்குப் பாதுகாப்பு, யாருக்குச் செலவு என்று கேட்பது நம் கடமை.

இன்றே செய்யக் கூடியவை

முதலாவது, குடும்பத்தில் ஒரு ஒப்பந்தம். பணம், போலீஸ், வங்கி என்று யார் அழைத்தாலும் போனை வைத்து விடுவோம். கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நாமே அழைப்போம். பிள்ளை ஆபத்தில் இருப்பதாக அழைப்பு வந்தால் கேட்பதற்கு, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல் வைத்துக் கொள்வோம்.

இரண்டாவது, பெரிய தொகையை அனுப்பும் முன் வீட்டில் இன்னொருவரிடம் சொல்வோம். "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் சொல்கிறானோ, அவனைப் பற்றித்தான் முதலில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். அனுப்பும் முன் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நல்லவன் என்று முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, சேமிப்பை ஏடிஎம் கார்டும் இணைய வசதியும் இல்லாத தனிக் கணக்கில் வையுங்கள். அன்றாடச் செலவுக் கணக்கில் பணம் அனுப்பும் வரம்பைக் குறைத்து விடுங்கள்.

நான்காவது, அடையாள அட்டை நகல் கொடுக்கும் போது அதன் மேல் குறுக்கே கோடிட்டு, எதற்காக என்பதையும் தேதியையும் எழுதுங்கள்.

ஐந்தாவது, பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே கணக்கை முடக்குங்கள். வங்கியின் அவசர எண்ணையோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பிறகு போலீஸ் புகார். பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு ஓடிக் கொண்டிருக்கும் போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றால், 2025 முதல் செயல்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஏமாந்தவரை ஏசாதீர்கள். "இவ்வளவு முட்டாளா நீ" என்று ஒருவரைக் கேட்டால், அடுத்து ஏமாறுகிறவர் வாயைத் திறக்க மாட்டார். அந்த மௌனம் மோசடிக்காரனுக்குக் கிடைக்கும் இலவசப் பாதுகாப்பு. படித்தவர்களும் ஆசிரியர்களும் கூட ஏமாந்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன்.

முழுப் பாதுகாப்பு என்று உலகில் எதுவும் இல்லை. அப்படி விற்கிறவனிடமும் கவனமாக இருங்கள். நம்மால் முடிந்தது, இழக்கக் கூடாததை அறிந்து, வரக்கூடியவனை அறிந்து, தாங்கக் கூடிய விலையில் தடுப்பது. நான்கு கேள்விகளை இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். பயந்து வாழ்வது பாதுகாப்பு ஆகாது. கேள்வி கேட்கத் தெரிந்த குடும்பத்தை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.